ஊட்டக்குறை அறிமையம்

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கடியப்பட்டணத்துக்கு வராதவர்கள் பாக்கியில்லை. முதலில் அரிசி வந்தது. பிறகு கம்பளி வந்தது. உட்கார்ந்த இடத்தில் வேர்த்து ஒழுகுகிற ஊரில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொன்றை மடித்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மனதை ஆற்றுகிறவர்கள் வந்தார்கள். வேளாங்கண்ணியின் எதிரில் உட்கார்ந்த பெண், “அழுதிருங்க அக்கா, அழுதா பாரம் குறையும்” என்று அரைநாள் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அந்தப் பெண்தான் அழுதாள். வேளாங்கண்ணி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

அழக்கூடாது என்று அவள் வைராக்கியம் எதுவும் பிடிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். புருஷன் சிலுவை கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவன். வலையோடு போய், வலையோடு கிடைத்தான். அடக்கத்தின்போதும் அவள் யார் யாருக்கு வண்டிக்கூலி கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம்போல உள்ளுக்குள் முழுக்க மரத்துக் கிடந்தது.

மரத்துப்போன அந்த மனதில் ஒரே ஒரு தீர்மானம் மட்டும் இருந்தது. மகன் ஜெனோ இனி கடலுக்குப் போகக் கூடாது. அது பயத்தால் எடுத்த முடிவுகூட இல்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவதுபோல அந்தப் பக்கத்தைச் சாத்திவிட்டாள்.

ஜெனோ கல்யாண வயது வந்த பையன். அலைக்குப் பிறகு ஒரு வருஷம் கரையிலேயே இருந்தான். கூட்டாளிகள் ஒவ்வொருவனாகத் திரும்பவும் தொழிலுக்குப் போனார்கள். நிவாரணத்தில் புது வள்ளம் வாங்கிய சூசை, ஜெனோவைத் தொழிலுக்கு அனுப்பச் சொல்லி வாசலில் வந்து நின்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு சபை கரைப் பெண்களுக்கு நாற்றங்கால் அமைத்துக் கொடுத்தது. பச்சை நிழல்வலை, குழித்தட்டு, செங்கல்போல அமுக்கிய தும்புத்தூள், மிளகாய் விதை, கத்தரி விதை, தக்காளி விதை. மண்ணே வேண்டாம், தேங்காய்த் தும்பின் தூளிலேயே செடி முளைக்கும் என்றார்கள். மீன் பிடிக்கிற வலையைத்தான் பார்த்திருக்கிறோம், வெயில் பிடிக்கிற வலையை இப்போதுதான் பார்க்கிறோம் என்று கரையில் கேலி பேசினார்கள்.

வேளாங்கண்ணி கேலியைக் கேட்டுக்கொண்டு ஒரு நிழல்வலைப் பந்தலைத் தன் பேருக்கு எழுதி வாங்கினாள். அன்றைக்கு ஜெனோ தெளிவாகவே சொன்னான்.

“அம்மா, நாத்து நல்லா வந்து ஆளுவ வாங்கிட்டுப் போனாவன்னா, நான் கரையிலயே நிக்கேன். சத்தியமா நிக்கேன். வரலன்னு வையி, மண்டைக்காட்டுக் கொடை முடிஞ்ச மறுநாளு சூசை மாமாவுக்க வள்ளத்துல ஏறிருவேன். பிறவு என்னத் தடுக்கப்பிடாது.”

“சரி மக்கா” என்றாள்.

தும்புத்தூளை ஊறவைத்து, கறை போகும்வரை நன்றாகக் கழுவ வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கடியப்பட்டணத்தில் குழாய்த் தண்ணீர் வருவது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மாதிரி. வரும் நாளில் வரும், நிற்கும் நேரத்தில் நிற்கும். அதைப் பிடிக்கக் குடங்கள் வரிசையில் கிடக்கும். அந்த வரிசையில் போய்த் தேங்காய்த் தூளைக் கழுவத் தண்ணீர் கேட்டால் அடிதான் கிடைக்கும். கரையில் வலை, கூடை, பாய், எல்லாவற்றையும் எங்கே கழுவுவார்களோ அங்கேயே ஜெனோவும் சாக்கோடு தூக்கிக்கொண்டு போனான். இடுப்பளவுக்கு இறங்கி நின்று, அலைக்கு அலை அலசி, தண்ணீர் தெளிந்ததும் கொண்டுவந்து போட்டான். நல்ல தண்ணீர் ஒரு குடம் மேலோட்டமாகத் தெளித்தார்கள். இதைவிட நன்றாக யாராலும் கழுவியிருக்க முடியாது.

முளைத்தது. இரண்டிலை விட்டது. மூன்றாவது இலை வரும்போது முதலிலை மஞ்சளாகி, ஓரம் பீடி நுனிபோலக் கருகியது. நாளாக ஆகப் பந்தல் முழுக்க அப்படியே ஆனது. சபைக்காரர்களிடம் கேட்டதற்கு, கொடுப்பது மட்டுமே தங்கள் ஊழியம் என்றும், நோய்க்கு மையம் இருக்கிறதென்றும் சொன்னார்கள்.

மையத்தின் முழுப்பெயர் ‘மண்ணில்லா வளர்ப்பு நாற்றுகள் ஊட்டக்குறை அறிமையம்’. பலகை கட்டடத்தின் அகலத்தைத் தாண்டிவிட்டதால், கடைசிச் சொல்லை மட்டும் காம்பவுண்டுச் சுவரில் எழுதியிருந்தார்கள். அது நெய்யூருக்கு அப்பால் இருந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு மனுஷர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து பிழைத்துப் போகிறார்களே, செடிகளுக்கும் அந்தத் திசை ராசியாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

உள்ளே நான்கு அறைகள். முதல் அறை தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. நான்காவது அறை சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு முதலான இதர சத்துகளுக்கு. அதற்கு இன்னும் அதிகாரி நியமிக்கப்படாததால், மாவட்டத்தில் அந்தச் சத்துகளுக்குக் குறை ஏற்படவில்லை. ஆனால் அந்த அறைக்கு உதவியாளராக ஷைஜா என்ற பெண்ணை எடுத்திருந்தார்கள். அறை பூட்டியிருந்தபடியால் அவள் வராந்தாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத அதிகாரிக்கு உதவிக்கொண்டிருந்தாள்.

வேளாங்கண்ணி ஒரு குழித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, திங்கள்சந்தை வழியாகப் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். டோக்கன் கொடுப்பவர் தட்டைப் பார்த்தார்.

“நோயாளிக்குத் துணைக்கு யாரு வந்திருக்கு?”

“நான்தான் சாரே.”

“உன்னையா கேட்டேன்? செடிக்கு. துணைச்செடி எங்கே?”

ஒவ்வொரு நோயாளிச் செடியோடும் நோயில்லாத செடி ஒன்று வர வேண்டுமாம். ஒப்பிட்டுப் பார்க்காமல் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? நியாயம்தான். ஆனால் அது அதே தட்டில், அதே தும்புத்தூளில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி.

“எல்லாமே இப்படித்தான் நிக்குது சாரே. ஒண்ணுபோல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாமே ஒண்ணுபோல இருந்தா அது நோய் இல்லம்மா. அதுதான் இயல்பு. ஒருத்தருக்கு வந்தாத்தான் நோய்.”

வேளாங்கண்ணி அதை யோசித்துப் பார்த்தாள். ஊரில் ஒரு வீடு தப்பாமல் சாவு விழுந்த காலத்தில் மனதை ஆற்றவந்த பெண்ணும் ஏறக்குறைய இதையே சொன்னதாக நினைவு. தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். உள்ளதில் கொஞ்சம் குறைவாக மஞ்சளான ஒரு செடியைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு மறுநாள் வந்தாள். காத்திருந்த நேரத்தில் வராந்தா வெயில் பட்டுத் துணைச்செடி நோயாளியைவிட வாடிப்போயிற்று. ஆகவே அதை நோயாளியாகவும் நோயாளியைத் துணையாகவும் சேர்த்துக்கொண்டார்கள்.

“தும்புத்தூளைக் கழுவினீங்களா?” என்று டோக்கன் கொடுப்பவர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

“கழுவுனோம் சாரே. கடல்ல கொண்டு போயி…”

“ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும்.”

“ஆமா.”

பச்சை அட்டை என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆரோக்கியமான இலை எந்தப் பச்சையில் இருக்க வேண்டும் என்பதை அதில் அச்சடித்திருந்தார்கள். பார்வையாளர்கள் பார்க்கட்டும் என்று அதை ஜன்னலோரத்தில் மாட்டியதில், அது வெயிலில் வெளுத்து, கோழிக்குஞ்சின் நிறத்துக்கு வந்திருந்தது. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார். வேளாங்கண்ணியின் நாற்று இருக்க வேண்டியதைவிடக் கூடுதல் பச்சையாக இருந்தது. அட்டையை மாற்றலாமே என்று வராந்தாவிலிருந்து ஷைஜா மெதுவாகச் சொன்னாள். அட்டைதான் அளவுகோல், அளவுகோலை அளப்பதற்கு மையத்துக்கு அதிகாரமில்லை என்று பதில் வந்தது.

இருந்தாலும் ஏழைப்பட்ட பெண் என்று இரங்கி அறைகளுக்கு அனுப்பினார்கள். தழைச்சத்து அறையில் இருந்தவர் சத்தியராஜ். மஞ்சள் என்றாலே தழைச்சத்துதான், இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும் என்றார். சாம்பல்சத்து அறையில் இருந்தவர் மஞ்சளைப் பற்றித் தான் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் ஓரம் கருகியிருக்கிறது, ஓரம் எப்போதும் தங்களுடையது என்றார். மணிச்சத்து அறைக்காரருக்கு இலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்படியாக ஒரு விரல்நகம் அளவு இலையை மூன்று பேர் எல்லை போட்டுப் பிரித்தார்கள். அண்ணன் தம்பிகள் தென்னந்தோப்பைப் பிரிக்கும்போதுகூட இத்தனை கவனம் இருப்பதில்லை.

மூன்று முடிவுகளும் தலைமை அறிஞர் செல்வதாஸிடம் போயின. அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“மூணு அறையும் மூணு உண்மையைச் சொல்லுது. உண்மையில எங்களுக்குள்ள போட்டி கிடையாது” என்றார். “நாங்க நேரில் வந்து பார்ப்போம். கொடைக்கு முன்னாடியே முடிவு சொல்லிடுவோம். அதுவரைக்கும் உங்க பந்தல் ஆய்வில் இருக்கு. எரு வைக்கக் கூடாது. முக்கியமா, தண்ணியை அள்ளி ஊத்தக் கூடாது. இலை நனையுற அளவு தெளிச்சாப் போதும்.”

“கூடுதல் விட்டா என்ன சாரே ஆவும்?”

“குறை கலைஞ்சுபோயிரும். பிறகு நாங்க எதை வச்சு ஆராயுறது?”

வேளாங்கண்ணி சரி என்றாள். கடன்கேட்டு வந்தவள் மாதிரி வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து வெளியேறினாள். அன்றுமுதல் நாற்றுகளின் குறை கலையாமல் பார்த்துக்கொண்டாள். சில நாள் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தது. ஜெனோ ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தபோது அவளே தடுத்தாள்.

“வேண்டாம் மக்கா. சாருமாரு சொல்லியிருக்காவ.”

“செடி சாவுதம்மா.”

“செத்தாலும் அவிய பாத்த பிறவு சாவட்டும்.”

மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா தொடங்கியது. மையத்தின் ஜீப் பக்தர்களுக்கு வழிகாட்டப் போயிருப்பதாகச் சொன்னார்கள். செடிக்கு வழிகாட்டுகிற ஜீப் எப்படிப் பக்தர்களுக்கு வழிகாட்டும் என்று யாரும் கேட்கவில்லை. மணலில் மனிதத் தலைகளாக நிறைந்து, பொங்கல் பொங்கி, கொடை முடிந்து, கூட்டம் கலைந்தது. அன்று சாயங்காலம் ஜெனோ பந்தலில் வந்து நின்றான். தட்டுகளில் பாதி காய்ந்து தூளோடு தூளாகியிருந்தது.

“அம்மா, கொடை முடிஞ்சாச்சு.”

“நாளைக்கு அவிய வாறாவளாம் மக்கா. ஆளு சொல்லி விட்டிருக்காவ.”

“சூசை மாமாவுக்கும் நாளைக்குத்தான்னு வாக்குக் குடுத்திட்டேன்.”

தடுப்பதற்கு ஒரு வார்த்தை கிடைக்குமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. விடியுமுன் எழுந்து சோறு பொதிந்து கொடுத்தாள். அவன் போனதும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மையத்துக்காரர்கள் உட்காருவதற்கு நாற்காலி கேட்கக் கோயில் மேடைக்குப் போனாள்.

மையத்துக்காரர்கள் நாற்றுப் பந்தலுக்கு முன்னால் ஒரு விழாப் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கி வந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவர் கை கழுவ ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் வந்தது. வேளாங்கண்ணியின் தட்டுகள் பார்வைக்கு நன்றாக இல்லையென்று வெளியிலிருந்து கொண்டுவந்த செழித்த நாற்றுகளை முன்வரிசையில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு செல்வதாஸ் பேசினார்.

“இந்த மையம் தொடங்கிய அன்று, மாவட்டத்தில் மண்ணில்லா நாற்று ஒன்றுக்குக்கூட ஊட்டக்குறை இருந்ததாகத் தகவல் இல்லை. ஏன்? கண்டுபிடிக்க ஆளில்லை. இன்று பார்க்கிற பந்தலில் எல்லாம் குறை! இது ஒரே வருட உழைப்பின் பலன். சிலர் கேட்கிறார்கள், எத்தனை செடிகளைக் காப்பாற்றினீர்கள் என்று. நான் பணிவோடு சொல்கிறேன், காப்பாற்றுவது வேறு துறையின் வேலை. அடுத்தவர் வேலையில் தலையிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒரு செடி இறந்தால் எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் இறந்த செடியை ஆராய்வது எளிது. அது அசையாமல் இருக்கும், வளர்ந்து நம்மைக் குழப்பாது.”

கைதட்டினார்கள். பயனாளி இரண்டு வார்த்தை பேசட்டும் என்று வேளாங்கண்ணியை மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள் என்றார் சத்தியராஜ். அவள் சொன்னாள். வாசிக்கிற பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

“தும்புத்தூள் குடுத்தாவ. ஊறப்போட்டோம். குடிக்க நல்ல வெள்ளத்துக்கே பஞ்சம். எனக்க மோன் சாக்கோட கடல்ல கொண்டு போயி, நல்லா அலசிக் கொண்டுவந்தான். விதை போட்டோம். முளைச்சது. பிறவு இப்படி ஆச்சு.”

ஓரத்தில் நின்ற ஷைஜா நிமிர்ந்தாள். பந்தலுக்குள் போய், ஒரு குழியிலிருந்து ஒரு சிட்டிகை தூளை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். நேராக வந்து வேளாங்கண்ணியின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, கடல்லயா கழுவுனிய? இதை யாருட்டயும் சொல்லலியா?”

“சொன்னேனே பிள்ளே. ஆமா, இல்ல, அதுமட்டும் போதும்னு சொன்னாவ.”

“தூளு முழுக்க உப்பு அக்கா. வேற ஒண்ணும் இல்ல. செடி உப்புல நின்னு வேவுது. நல்ல தண்ணிய ரெண்டு மூணு வாட்டி வடிய வடிய ஊத்தியிருந்தா உப்பு இறங்கிப் போயிருக்கும். அப்பவே தெளிஞ்சிருக்கும்.”

மைக் அணைக்கப்படாததால் இதை ஊரே கேட்டது. சென்னை அதிகாரி செல்வதாஸைப் பார்த்தார். செல்வதாஸ் கொஞ்சமும் கலங்கவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டார்.

“உதவியாளர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் உப்பு என்பது ஊட்டச்சத்து இல்லை. இங்கே இருப்பது குறையும் இல்லை, மிகுதி. நாம் குறையை அறியும் மையம். மிகுதியை அறிவதற்குத் தனி மையம் வேண்டும் என்பதை இந்த மேடையிலேயே கோரிக்கையாக வைக்கிறேன். கட்டடத்துக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறோம்.”

இதற்குத்தான் கைதட்டல் பலமாக விழுந்தது.

வேளாங்கண்ணி அந்தப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் கை கழுவியது போக முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது. இவ்வளவு போதும். இதில் பாதி போதும். ஜெனோ குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான், நான்தான் வேண்டாமென்றேன். அவன் ஊற்றியிருந்தால் செடி தெளிந்திருக்கும். தெளிந்திருந்தால் அவன் இப்போது இந்தக் கூட்டத்தில் நாற்காலி பொறுக்கிக்கொண்டு நின்றிருப்பான்.

அப்போதுதான் அது வந்தது. இன்னதென்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் அது பயம் என்று புரிந்தது. ஒரு வருஷமாக வராத பயமெல்லாம் வட்டியும் முதலுமாக வந்து நின்றது. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கரையேறியது. சூசையின் வள்ளம் அதில் இல்லை. சூசையின் வள்ளம் புதுசல்லவா, தூரமாகப் போயிருக்கும், வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வெயிலில் கண் கூசித் தண்ணீர் வடிந்தது. துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

பின்னால் மணலில் பூட்ஸ் கால் சரசரத்தது. சத்தியராஜ் மூச்சிரைக்க வந்து அவளுக்கு முன்னால் நின்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“இங்கயா நிக்கிறீங்க? எங்கெல்லாம் தேடுறது? முடிவு வந்தாச்சும்மா. மூணு அறையும் ஒருமனதா கையெழுத்துப் போட்டாச்சு. உங்க நாற்றுக்கு ஒரு குறையும் இல்ல. பந்தலை ஆய்விலிருந்து விடுவிச்சாச்சு. இனி எவ்வளவு தண்ணி வேணும்னாலும் ஊத்திக்கலாம். பெரியவர் உங்க கையில பொன்னாடை குடுக்கணும்னு காத்துட்டு நிக்கிறாரு. வாங்க, சந்தோஷமா வாங்க.”

வேளாங்கண்ணி அவர் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

“சாரே, கொஞ்சம் மாறி நில்லுங்க” என்றாள். “கடலு மறையுது.”